ரெண்டு வருஷம் என்று நான் சொன்னேன்

தொண்ணூறுகளின் நடுவில் மலாக்கா டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையின் எக்ஸ்ரே பிரிவில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். மார்பகப் படம் எடுத்துப்போன பெண்களில் யாருக்காவது, ரெண்டு வருஷம் கழித்து அடுத்து வரவேண்டிய தேதிக்கு முன்பே புற்றுநோய் என்று தெரிந்தால், பழைய படத்தைத் தேடி டாக்டர் மேசையில் வைப்பது என் வேலை. போன தடவையே கண்ணில் படாமல் விட்டோமா, அதன் பிறகுதான் வந்ததா என்று அவர் பார்ப்பார். அவர் சொல்வதை ஒரு தனி நோட்டில் எழுதுவேன்.

அக்கா மெர்லிமாவ் பக்கம் எஸ்டேட்டில் செம்பனை மரங்களுக்கு உரம் போடும் வேலையில் இருந்தாள். தங்கச்சி நான்தான் வற்புறுத்தி பஸ் ஏற்றிக் கூட்டி வந்தேன். கையைக் குறுக்கே கட்டிக்கொண்டு நின்றவளை, "பொம்பள மிஸ்ஸிதான்க்கா எடுப்பாங்க" என்று நர்ஸிடம் உள்ளே அனுப்பினேன். முடிவு நல்லபடியாக வந்தது.

"இனி ரெண்டு வருஷத்துக்குக் கவலையில்லலா" என்றேன்.

எட்டு மாதம் கழித்து தீபாவளிக்குப் போனபோது, முறுக்கு பிழியக் கை வராமல் அச்சை மகளிடம் கொடுத்தாள். இடது அக்குளில் வலி என்றாள். தொட்டுப் பார்த்தேன். மார்பில் கட்டி.

"எத்தன நாளாக்கா?"

"மூணு மாசம் இருக்கும். குளிக்கிறப்ப தட்டுப்பட்டுச்சு. அதான் படம் எடுத்துப் பாத்தாச்சே, ரெண்டு வருஷம் ஒன்னும் இல்லன்னு நீதானே சொன்ன?"

குறையாகச் சொல்லவில்லை. என்னை நம்பிச் சொன்னாள்.

சோதித்தபோது அக்குள் வரை பரவியிருந்தது. அவளுடைய பழைய படத்தை நானே தேடி எடுத்தேன். உறையின்மேல் என் கையெழுத்து. சீன டாக்டர் அதை விளக்குப் பெட்டியில் மாட்டி வெகுநேரம் பார்த்தார்.

"இதில் ஒன்றும் இல்லை. நாம் விடவில்லை. இடையில் வந்து வேகமாக வளர்ந்திருக்கிறது" என்று மலாயில் சொன்னார்.

அவர் விட்டிருந்தால் அவர்மேல் கோபப்பட்டிருக்கலாம். அந்த மூன்று மாதத்துக்குப் பொறுப்பு என்று என்னைத் தவிர யாரும் இல்லை. அக்காவின் பெயரை எழுத என்னால் முடியவில்லை. டாக்டர் நோட்டை வாங்கித் தானே எழுதினார்.

ஆபரேஷனுக்குப் பிறகு பதினோரு மாதம் இருந்தாள். கடைசி வாரத்தில் வார்டில் அவளிடம் சொன்னேன்: "கட்டி தெரிஞ்சா உடனே வான்னு சொல்லியிருக்கணும்க்கா."

"சொல்லியிருந்தா வந்திருப்பேன்" என்றாள். பிறகு என் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

அவள் போன பிறகும் அந்த வேலையில்தான் இருந்தேன். படம் எடுத்துப்போகும் ஒவ்வொரு பெண்ணிடமும், தேதிக்குக் காத்திருக்காதீர்கள், ஏதாவது தட்டுப்பட்டால் மறுநாளே வாருங்கள் என்று தமிழிலும் மலாயிலும் சொன்னேன். சிலர் பயந்துபோனார்கள். ஒருநாள் மிஸ்ஸி என்னைத் தனியே கூப்பிட்டு, "கொஞ்சம் மெதுவா சொல்லும்மா, கத்துற மாதிரி இருக்கு" என்றார்.