ஏழு வருடத்துக் குருவி

சதுப்புநிலக் காப்பகத்தின் திட்டத் தலைவருக்குப் பறவையைக் கையில் பிடிக்கத் தெரியாது. அதை அவர் மறைத்ததில்லை. பதவிக்கு உரிய லட்சணமாகவே வைத்திருந்தார். பிடிப்பதற்கு ஓர் ஆள் இருந்தாள். பதினான்கு ஆண்டுகளாக எல்லோரும் அவளை வளையக்காரி என்றார்கள். சம்பளப் பட்டியலில் மட்டும் வேறு பெயர்.

விடிவதற்கு முன் பூட்ஸோடு சேற்றில் இறங்கி, நாணல்களுக்கு நடுவே தலைமுடி போன்ற நூலில் பின்னிய வலைகளை விரிப்பாள். அரை மணிக்கொருமுறை போய்ப் பார்ப்பாள். சிக்கிய குருவியைக் கால் பக்கமிருந்து விடுவித்து, துணிப்பையில் போட்டு, தகரக் கூரை அறைக்குக் கொண்டுவருவாள். எண் பொறித்த அலுமினிய வளையத்தைக் குறட்டால் காலில் மூடி, சிறகை அளந்து, எடை பார்த்து, ஜன்னல் வழியே விடுவாள்.

"பிடிக்கிறதும் நீங்க, விடறதும் நீங்க. அப்புறம் எதுக்கு அண்ணி அதைப் பிடிச்சீங்க?" என்பாள் நாத்தனார். கணவன் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோல் சிரிப்பான்.

அந்த ஆண்டு தலைவர், நிதி தருபவர்களிடம் இரண்டாயிரம் புதுப் பறவைகளுக்கு வளையமிடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். அவர் அறைச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஓர் எண்ணிக்கை அட்டை. மாதக் கடைசியில் அதில் சிவப்பு மையைக் கொஞ்சம் உயர்த்துவார். அவர் செய்த களப்பணி அதுதான். ஏற்கெனவே வளையம் போட்ட பறவை திரும்ப விழுந்தால் அட்டையில் சேராது.

"மறுபடியும் பழசா?" என்பார், நேற்றைய சோற்றைப் போட்டதுபோல் முகம் சுளித்து.

திரும்பி வரும் ஒன்றுக்காகத்தான் மற்ற எல்லாவற்றுக்கும் வளையம் போடுகிறோம் என்று அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள். தலைவர் அதை மனப்பாடம் செய்து மேடைகளில் உருக்கமாகப் பேசுவார். பிறகு அறைக்கு வந்து புதுசு கேட்பார்.

ஆண்டின் கடைசி நாள் எண்ணிக்கை ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதில் நின்றது. காற்று பலம், வலைகள் புடைத்துக்கொண்டு குருவிகளின் கண்ணுக்குத் தெரிந்தன. பத்து மணிவரை ஒன்றே ஒன்று விழுந்தது. நாணல் கதிர்க்குருவி, பதினொரு கிராம். காலில் தேய்ந்த வளையம். லென்ஸ் வைத்து எண்ணைப் படித்து, பழைய நோட்டுகளைப் புரட்டினாள். ஏழு ஆண்டுகளுக்கு முன், அதே வரிசை வலையில், அவள் கையெழுத்து. நான்கு ஆண்டைத் தாண்டி எந்தக் கதிர்க்குருவியும் அங்கே திரும்பியதில்லை. இது ஆண்டுதோறும் மலைகளைத் தாண்டிப் போய் வந்திருக்கிறது.

தலைவர் உள்ளே வந்தார். எண்ணிக்கை அறிவிப்பைக் கேட்கக் கூடத்தில் நிதி தருபவர்கள் காத்திருந்தார்கள்.

"அதைக் கழட்டிட்டுப் புதுசு போடுங்க."

"தேஞ்ச வளையத்தை மாத்தலாம் சார். ஆனா பழைய நம்பரையும் சேர்த்து எழுதணும். எழுதினா இது புதுப் பறவை இல்ல."

"எழுதாதீங்க. குருவி வந்து சாட்சி சொல்லப்போகுதா?"

நாளைக்கு அவளுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாள் என்பதையும், அதில் போடவேண்டிய கையெழுத்து தன்னுடையது என்பதையும் தலைவர் தன்மையாக நினைவூட்டினார். தன்மையாகப் பேசுவதில் அவருக்கு நல்ல பெயர் உண்டு.

வளையக்காரி குருவியை அவர் பக்கம் நீட்டினாள்.

"அப்ப நீங்களே மாத்துங்க சார்."

தலைவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

அவள் பழைய வளையத்தைக் கழற்றிப் புது வளையத்தை மாட்டினாள். பழைய எண்ணையும் புது எண்ணையும் ஒரே வரியில் மையால் எழுதினாள். குருவியை விட்டாள். அன்று மதியமே அந்தப் பக்கத்தின் நகல் நாடு முழுக்க வளைய எண்களைப் பதிவு செய்யும் தலைமை அலுவலகத்துக்குத் தபாலில் போனது. கூடத்தில் தலைவர் இரண்டாயிரம் என்றே அறிவித்தார். பலமாகக் கைதட்டினார்கள். மறுநாள் அவள் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: நாட்டிலேயே அந்த இனத்தில் வளையம் போட்டு அதிக ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்த பறவை இதுதான், காப்பகத் தலைவருக்குப் பாராட்டுகள். பதிவில் கையெழுத்திட்டவள் என்பதால் அவளுக்கு ஒரு பிரதி. தலைவர் தன் பிரதியைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டதாகவும், வருகிறவர்களிடம் "நம்ம குருவி" என்பதாகவும் காப்பகத்துக் காவலாளி சொன்னார்.

நாத்தனார் கடிதத்தை உரக்கப் படித்தாள்.

"உங்க பேரே இல்லையே, அண்ணி."

"அதை விடு. நம்பரைச் சரியாப் போட்டிருக்காங்களா பாரு."

நாத்தனார் ஒவ்வோர் இலக்கமாகப் படித்தாள். வளையக்காரி நோட்டைப் பார்க்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள். சரியாக இருந்தது.