ஐரீன் கோஸ்மாக் பார்த்த ஓட்டைகள்

டாக்டர் ஐரீன் கோஸ்மாக்கைப் பெரிய ஆள் என்று யாரும் சொன்னதில்லை. பிட்ஸ்பர்கில் எங்கள் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் உட்கார்ந்து, மூளையில் வரும் கட்டிகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து இன்ன வகை என்று சொல்வது அவர் வேலை. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து அந்தத் துண்டுகளைத் தட்டில் எடுத்துக்கொண்டு ஓடுவது என் வேலை. ஐரீன் இரும்பாலைத் தொழிலாளி வீட்டுப் பெண். மதியம் பிரோகி என்கிற, உருளைக்கிழங்கு அடைத்த கொழுக்கட்டையை வேலை மேஜையிலேயே தின்பார். கல்யாணம் ஒன்று நடந்து, நிலைக்கவில்லை. ஏன் என்று அவர் சொன்னதில்லை, நான் கேட்டதுமில்லை.

அந்த அறையில் எல்லாவற்றுக்கும் சாப்பாட்டுப் பெயர்தான். ஒரு கட்டி பொரித்த முட்டை மாதிரி என்பார்கள். ஐரீன் கண்டது ஓட்டை விழுந்த பாலாடைக்கட்டி. சில கட்டிகளில் செல்களுக்கு நடுவே பொடிப் பொடி ஓட்டைகள். அந்த நோயாளிகள் மற்றவர்களைவிட அதிக நாள் பிழைத்தார்கள். வருஷக்கணக்காகச் சேர்த்துப் பார்த்து, ஓட்டை இருந்தால் ஆயுசு கூடும் என்று கட்டுரை எழுதினார். பெரிய பத்திரிகையில் வந்தது. டொராண்டோவில் பேசக் கூப்பிட்டார்கள். அதற்காக நல்ல கோட்டு ஒன்று வாங்கினார்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். மண்டை திறந்திருக்கும்போதே சர்ஜனுக்குப் பதில் வேண்டும். அதனால் துண்டில் பாதியை உறைய வைத்து, மெல்லிசாகச் சீவிப் பார்ப்பார்கள். மறுபாதி நேரே, சதை கெடாமல் காக்கும் ஃபார்மலின் புட்டிக்குள் போகும். உறைய வைத்ததில் மிஞ்சியதையும் வீணாக்குவதில்லை. உருகவிட்டு, வேறு புட்டியில் போட்டு, பிற்பாடு நிதானமாகப் பார்ப்பார்கள்.

ஒரு பஸ் டிரைவரின் கட்டி வந்தது. பெரிய கட்டி. அதன் இரண்டு புட்டிகளிலிருந்தும் ஸ்லைடு தயாராகி ஐரீனின் மேஜைக்கு வந்தது. ஒன்றில் ஓட்டையோ ஓட்டை. இன்னொன்றில் மருந்துக்கும் இல்லை.

"வெர்ன், இது ரெண்டும் ஒரே ஆளோடதா?" என்று என்னைக் கேட்டார்.

"நான்தானே கொண்டாந்தேன். ஒரே தட்டு, ஒரே மண்டை."

ஐரீன் எழுந்தார். கட்டுரைக்காகப் பார்த்த பழைய ஸ்லைடுகளையெல்லாம் அலமாரியிலிருந்து இறக்கினார். ஓட்டை இருந்தவை அத்தனையும் உறைந்து உருகிய துண்டுகள். சதைக்குள் இருக்கும் தண்ணீர் ஐஸாகி, உருகி, விட்டுப்போன இடம்தான் அந்த ஓட்டை. அந்த நோயாளிகள் அதிக நாள் இருந்ததற்கும் காரணம் இருந்தது. கட்டி சின்னதாக இருந்தால் கிடைக்கும் துண்டும் சின்னது. முழுவதையும் உறைய வைத்துவிடுவார்கள். மறுபாதி என்று ஒன்று இருக்காது. பெரிய கட்டிகளில் உறையாத அந்த மறுபாதியைத்தான் கட்டுரைக்குப் பார்த்திருந்தார். சின்னக் கட்டிக்காரர்கள் பிழைத்தார்கள், அவ்வளவுதான்.

பிரிவின் தலைவர் லாயிட் ப்ரெண்டிஸ் ஐரீனோடு சேர்ந்து படித்தவர். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கும் மைக்ராஸ்கோப்பில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். நான் காலித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஐஸ்தான், லாயிட்."

"தெரியுது. நீ வாயைத் திறக்காத. எவனும் கவனிக்கல. தானா மறந்துடுவாங்க."

"மறக்கலேன்னா? எங்கேயோ ஒரு டாக்டர், ஓட்டை இருக்கு, கதிர்வீச்சு சிகிச்சை வேண்டாம்னு ஒருத்தனை வீட்டுக்கு அனுப்பிட்டா?"

"பேராசிரியர் பதவி உனக்கு இந்த வசந்தத்துல வரணும். காட்டறதுக்கு உன்கிட்ட இருக்கறதே இந்த ஒரு கட்டுரைதான்."

"ஆமா. அதுவும் ஓட்டை."

"நக்கலடிக்காத ஐரீன். இன்னொரு தடவை உன் பேர் வராது."

"வர வேண்டாம். நீ கண்ணை எடு, நான் ஸ்லைடை மாத்தணும்."

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அவரே பத்திரிகைக்குத் தெரிவித்தார். இப்போதும் அதைத் தேடினால் கிடைக்கும். பக்கத்துக்குப் பக்கம் குறுக்கே சிவப்பில் 'திரும்பப் பெறப்பட்டது' என்று போட்டிருக்கும். பேராசிரியர் பதவி பாஸ்டனிலிருந்து வந்த ஒருவருக்குப் போனது.

கேண்டீனில் சர்ஜன் மல்லாய் சும்மா இருக்கவில்லை. "என்ன ஐரீன், உன் பிரோகியிலயும் ஓட்டை தெரியுதே?"

"கடையில வாங்கினது. உறைய வச்சு விக்கறான், வேற எப்படி இருக்கும்?" என்று சொல்லிவிட்டு அதையும் தின்றார்.

அன்று பிற்பகல் மல்லாயின் தியேட்டரிலிருந்தே ஒரு துண்டு கொண்டுபோனேன். சுண்டுவிரல் நகம்கூட இருக்காது. ஐரீன் போனை எடுத்தார்.

"மல்லாய், இதை முழுசா உறைய வைக்க மாட்டேன். ஃபார்மலின்ல போட இன்னொரு துண்டு அனுப்பு. அதுவரைக்கும் காத்திரு."

போனில் மல்லாய் கத்தியது எனக்கே கேட்டது. ஐரீன் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் மறுபடி தியேட்டருக்கு ஓடினேன்.