ஸ்டெல்லா என்று கத்தினால் நிற்கும் வண்டி

திருச்சி பஸ்ஸைக் கண்ணெதிரே தவறவிட்டுவிட்டு, கீரனூர் பஸ் ஸ்டாண்ட் ஓரத்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்...

“ஸ்டெல்லா!”

அடுத்த நொடி, ஒரு மூன்று சக்கர மோட்டார் சைக்கிள் என் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி வந்து நின்றது.

ஓட்டி வந்தவர் ஆரோக்கியம் அண்ணன். எங்கள் ஊரில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் என்றால் அவர்தான். சின்ன வயதில் வந்த போலியோவில் வலது கால் சூம்பிவிட்டது. அதனால் பைக்கின் பின்பக்கம் ஒன்றுக்கு இரண்டு சக்கரம் மாட்டி, அதன் மேல் ஒரு தகரப் பெட்டி வைத்து, வீடு வீடாகப் போய் மிக்ஸி வாங்கி வருவார். பின்சீட்டில் அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா. எந்நேரமும் கூடவே இருப்பார். ஊரே பார்த்துப் பெருமூச்சு விடும் - இந்தக் காலத்தில் இப்படி ஒரு ஜோடியா!

நானும் விட்டவன்தான். அன்றைக்குப் பார்க்க வேறு எதுவும் இல்லாததால் கொஞ்சம் கீழே பார்த்தேன். அக்காவின் வலது கால் ஒரு இரும்புப் பெடலை மிதித்துக்கொண்டிருந்தது.

“அக்கா, அது என்ன?”

“பிரேக்கு.”

“யாரோட பிரேக்கு?”

“வண்டியோடதுதான். பின்ன, ஒன்னோடதா?”

விசாரித்தேன். பைக்கில் பின் பிரேக் வலது காலில் இருக்கும். அண்ணனால் அந்தக் காலை அழுத்த முடியாது. கையில் முன் பிரேக் இருக்கிறது. ஆனால் பெட்டி நிறைய கிரைண்டரை வைத்துக்கொண்டு சரளை ரோட்டில் முன் பிரேக்கை மட்டும் பிடித்தால், வண்டி நிற்காது, வாய்க்காலுக்குத்தான் போகும். வண்டியை மூன்று சக்கரமாக மாற்றிய சமயத்தில், பிரேக்குக்கு என்ன செய்வது என்று வெல்டிங் பட்டறையில் கேட்டிருக்கிறார். அப்போதுதான் அண்ணனுக்குக் கல்யாணமாகியிருந்தது. “அதான் கல்யாணம் ஆயிருச்சுல்ல” என்று சொல்லி, பிரேக் ராடைப் பின்சீட்டுவரை நீட்டி, அங்கே ஒரு பெடலை ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

கல்யாணப் பரிசாகக் குக்கர் கொடுப்பார்கள், கடிகாரம் கொடுப்பார்கள். அக்காவுக்குக் கிடைத்தது ஒரு பெடல்.

“அண்ணே, அப்ப பின் பிரேக் போடணும்னா என்ன பண்ணுவீங்க?”

“ஸ்டெல்லான்னு சொல்லுவேன்.”

“அக்கா அசந்து தூங்கிட்டா?”

“எங்கிட்டு தூங்குறது?” என்றார் அக்கா. “இவரு ஓட்டுற ஓட்டுக்கு, கண்ண மூடுனா ஜெபம்தான் வருது.”

சேலை கட்டி ஒருபக்கமாக உட்கார்ந்தால் பெடல் எட்டாது. அதனால் வண்டி ஏறினால் சுடிதார்தான். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனாலும் பட்டுச்சேலையைப் பையில் எடுத்துப்போய் அங்கேதான் மாற்றிக்கொள்வாராம். மகன் பிறந்த சமயத்தில் மட்டும் அண்ணனின் மாமியாரை உட்கார வைத்துப் பார்த்திருக்கிறார்கள். “அத்தை கோழி குறுக்க வந்தாலும் பிரேக்கு போட்டாங்க, கோழி வரும்னு தோணுனாலும் போட்டாங்க. ஆவூருக்குப் போயிட்டு வர ஒரு பகல் முடிஞ்சுபோச்சு” என்றார் அண்ணன்.

எனக்கு ‘பளிச்’ என்றது. காலில் இருப்பதைக் கைக்குக் கொண்டுவந்தால் தீர்ந்தது! ஒரு லீவர், ஒரு கேபிள். இதற்கா ஒரு ஆள் இத்தனை வருடமாகப் பின்சீட்டில்?

அடுத்த பஸ்ஸும் போனது. நான் கவனிக்கவில்லை.

இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் ஐடியாக்களின் வரலாறு தெரியும். மாடித் தொட்டிக்குத் தானாக நிற்கும் மோட்டார் வைத்துத் தெருவுக்கே தண்ணீர் விட்டவன். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, நம் வழக்கப்படி இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்ப்பவன். சும்மா இருக்கும் படிப்பு அரிக்கத்தானே செய்யும்?

ஆனால் இந்த முறை விளையாட்டு இல்லை. பி.காம். படித்த அக்காவுக்குத் திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் பில்லிங் கவுண்டர் வேலை கிடைத்திருந்தது. அடுத்த திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை சேர வேண்டும். சேர்ந்தால் வண்டி நிற்கும். அதாவது, ஓடாமல் நிற்கும்.

“நான் வேலைக்குப் போக வேணாம்னு சொல்லல. வண்டிதான் வேணாங்குது” என்றார் அண்ணன்.

“வண்டிக்கு எப்பங்க வாய் மொளச்சுச்சு?” என்றார் அக்கா.

டீக்கடையில் அவரவர் கருத்தைச் சொன்னார்கள். “ஒனக்கு எதுக்கும்மா வேல? அந்தப் புள்ளைக்குக் காலு மாதிரி இருக்க. எத்தன பேருக்குக் கெடைக்கும் இந்தப் புண்ணியம்?” என்றார் ஒரு பெரியவர். புண்ணியத்துக்குப் பி.எஃப். பிடித்தம் உண்டா என்று அக்கா கேட்கவில்லை. நான் கேட்க நினைத்தேன். டீ தொண்டையில் இருந்தது.

போன வருடம் ஊரில் ஒரு சங்கம் அக்காவை மேடைக்குக் கூப்பிட்டு, ‘தியாகச் சுடர்’ என்று பட்டம் கொடுத்துச் சால்வை போர்த்தி, ஒரு ஷீல்டும் கொடுத்தது. மேடைக்குப் படிக்கட்டு மட்டும்தான். எந்தக் காலுக்காக அந்தத் தியாகமோ, அந்தக் கால் மேடை ஏற வழியில்லாமல் கீழே நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டியது. அந்த ஷீல்டு செய்த நேரத்தில் ஒரு லீவர் செய்திருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை.

ஏன் தோன்றாது? ஒரு வேலை ஒருத்தர் தலையில் விழுந்து, அவரும் முகம் சுளிக்காமல் செய்துவிட்டால் போதும் - அதைச் சுலபமாக்க நமக்குத் தோன்றுவதே இல்லை. பாராட்டத்தான் தோன்றுகிறது. பாராட்டும் ஒருவகை வெல்டிங்தான். இருக்கிற இடத்தைவிட்டு அசைய முடியாமல் ஒட்டிவிடும்.

நான் கை பிரேக் வைக்கப்போகிறேன் என்றதும் அடுத்த கேள்வி வந்தது. “ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஒத்துக்குவாங்களா தம்பி?” நியாயமான கேள்வி. கேட்டுக்கொண்டுதான் செய்தோம். ஆனால் இத்தனை வருடமாக ஸ்டெல்லா அக்காவின் வலது காலை எந்த ஆபீஸ் பாஸ் செய்தது என்று ஒருத்தர்கூடக் கேட்டதில்லையே!

வேலையில் இறங்கினேன். லேப்டாப்பில் வண்டியை வரைந்தேன். பெட்ரோல் டேங்குக்கு இடதுபுறம், கார் ஹேண்ட் பிரேக் மாதிரி நீளமான லீவர். லீவர் சிவப்பு, கேபிள் நீலம். மவுஸைப் பிடித்து இழுத்தால் வண்டி சுற்றிச் சுற்றிக் காட்டும். அப்படி ஒரு அழகு!

மெக்கானிக் ரபீக் பாய் அதை அப்படியே செய்து கொடுத்தார். அண்ணன் உட்கார்ந்து பட்டறை வாசலிலேயே ஓட்டிப் பார்த்தார். லீவரை இழுத்தார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. இன்ஜினும் நின்றது. மறுபடி ஸ்டார்ட். மறுபடி லீவர். மறுபடி இன்ஜின் ஆஃப்.

வண்டி நிற்கும்போது கிளட்சைப் பிடிக்க வேண்டும். கிளட்ச் இருப்பது இடது கையில். நான் லீவர் வைத்திருப்பதும் இடது கைக்கு. படத்தில் டயரின் பூ டிசைன்வரை வரைந்த நான், ஓட்டுகிற மனிதரை வரையவில்லை.

“இன்ஜினியரே, அண்ணனுக்கு மூணாவதா ஒரு கை வெல்டிங் வச்சுருவமா?” என்றார் பாய். “அண்ணிக்கு எக்ஸ்ட்ரா காலு வச்சவனுங்க ஊருதான இது!”

சிரிக்க வேண்டியவர்கள் எல்லோரும் சிரித்து முடித்தார்கள். அன்று இரவு வீட்டுக்கு வந்தேன். வாசலில் தங்கச்சியின் ஸ்கூட்டர் நின்றது. சும்மா லீவரைப் பிடித்துப் பார்த்தேன். அட! இந்தப் புது ஸ்கூட்டர்களில் ஒரே லீவர்தானே முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கிறது?

அதையே செய்தோம். அண்ணனின் வலது கையில் ஏற்கெனவே இருந்த லீவரைக் கழற்றிவிட்டு, கொஞ்சம் நீளமாக ஒன்று போட்டோம். அதிலிருந்து ஒரு கேபிள் முன்னால், ஒரு கேபிள் பின்னால். கையழுத்தம் போதவில்லை, பின் பிரேக்கில் கேபிள் இழுக்கிற இரும்புக் கையை நீளமாக்கினோம். முன் பிரேக் முந்திக்கொண்டு பிடித்தது. திருகித் திருகிச் சரிசெய்தோம். பெட்டியில் நாலு கிரைண்டரை ஏற்றி, பாயே ஓட்டிப் பார்த்தார். நேராக நின்றது. இன்ஜின் அணையவில்லை. எனக்கு வந்த கர்வத்தை அந்தப் பெட்டியில் ஏற்றியிருந்தால் டயர் வெடித்திருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம். சேர வேண்டிய திங்களுக்கு முன் மிச்சம் ஒரே ஒரு ஞாயிறு. ஆளில்லாத சந்தை மைதானம். அண்ணன் முதன்முறையாகத் தனியாக வண்டி எடுத்தார். நானும் அக்காவும் ஓரமாக நின்றோம். வண்டி அழகாகப் போனது. மைதானத்துக் கடைசியில் சீமைக் கருவேலம் புதராக மண்டிக் கிடக்கும். அங்கே திரும்ப வேண்டும். அதற்கு முன் பிரேக் பிடிக்க வேண்டும்.

அண்ணன் பிடித்தாரா?

“ஸ்டெல்லா...!” என்று கத்தினார்.

லீவர் கைக்குள்ளேயே இருந்தது. விரல்கள் அசையவே இல்லை. என் பக்கத்தில் நின்ற அக்கா வலது காலால் தரையை ஓங்கி மிதித்தார். செருப்பு வார் அறுந்தது. வண்டி புதருக்குள் போனது.

முள்ளைப் பிடுங்கிக்கொண்டே அக்கா கேட்டார். “கையில பிரேக்க வச்சுக்கிட்டு வாயில ஏங்க போடுறீங்க?”

“எனக்கு ஓட்டத்தான் தெரியுது ஸ்டெல்லா. நிறுத்தத் தெரியல” என்றார் அண்ணன்.

உண்மைதான். இத்தனை வருடம் வண்டி ஓட்டியவர், எங்கே நிற்பது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அது பின்சீட்டு இலாகா. எந்தப் பள்ளம், எந்த மாடு, எவ்வளவு தூரத்தில் காலை வைக்க வேண்டும் - எல்லாம் அக்காவின் மூளையில். வீடுகளில் எத்தனை பேர் இப்படி வெறும் ஆக்ஸிலேட்டரோடு திரிகிறோம்? அடுப்பில் பால் பொங்கினால் உட்கார்ந்த இடத்திலிருந்தே மனைவி பெயரைச் சொல்லிக் கத்துகிறவர்களுக்கு எந்தக் காலில் போலியோ?

அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். இன்னொரு கையில் செல்போன். “ஆஸ்பத்திரிக்குச் சொல்லிர்றேன். வரலைன்னு.”

நான் என்ன செய்வது? லேப்டாப்பில் இன்னொரு படம் காட்டவா?

அண்ணன்தான் பேசினார். கையில் ரத்தக்கோடு, சட்டையில் முள்.

“போனைக் கீழ வை.”

“ஏங்க...”

“வைங்கிறேன்ல. தம்பி, அந்தப் பின்சீட்டுப் பெடலக் கழட்டு. அது இருக்குறவரைக்கும் என் கை வேல செய்யாது.”

கழற்றினேன். துருப் பிடித்து இறுகியிருந்தது. கடைசியில் அறுக்க வேண்டியதாயிற்று.

அப்புறம் நடந்ததுதான் பயிற்சி. அக்கா பின்சீட்டில் ஏறி, கால் பாட்டுக்கு எதையாவது மிதித்துவிடக் கூடாதென்று சம்மணம் போட்டுக்கொண்டார். பிரேக் போட வேண்டிய இடத்தில் அண்ணனின் வலது தோளில் ஒரு தட்டு. தட்டினால் கை பிடிக்க வேண்டும். முதலில் தட்டு, அடியாகத்தான் விழுந்தது. ஞாயிறு காலை கோயிலுக்குப் போய்விட்டு வந்து மறுபடி ஆரம்பித்தார்கள். மத்தியானத்துக்குள் தட்டு லேசாயிற்று. சாயங்காலம் அக்கா தட்டுவதற்கு முன்பே வண்டி நின்றது. “இந்தா, இப்ப யாரு தட்டுனா?” என்று அண்ணன் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

அக்கா இறங்கிக்கொண்டார். அண்ணன் தனியாகப் போனார். புதருக்கு நல்ல தூரத்தில், வழக்கம்போல ஊர் கேட்க, “ஸ்டெல்லா!” என்று கத்தினார். ஆனால் இந்த முறை கத்தும்போதே கை லீவரைப் பிடித்தது. வண்டி நின்றது.

கத்தலை மட்டும் எங்களால் கழற்ற முடியவில்லை. அதற்கு ஸ்பேனர் இல்லை.

திங்கட்கிழமை அக்கா சேலை கட்டிக்கொண்டு வந்தார். வண்டியில் ஒருபக்கமாக உட்கார்ந்து! பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், புண்ணியம் சொன்ன அதே பெரியவர், “இனி அந்தப் புள்ளய யாரும்மா பாத்துக்குவா?” என்றார். “அவருக்கு என்ன, நல்லாத்தான கண்ணு தெரியுது? ரோட்ட அவரே பாத்துக்குவாரு” என்று சொல்லிவிட்டு அக்கா பஸ்ஸில் ஏறினார். நானும் ஏறினேன். ஒழுங்காக ஏறியது எனக்கே ஆச்சரியம்.

நல்ல கூட்டம். நின்றுகொண்டுதான் வந்தோம். பஸ் வளைவில் திரும்பும்போது ஜன்னல் வழியே அண்ணனின் வண்டி தெரிந்தது. குறுக்கே ஒரு டவுன் பஸ். “ஸ்டெல்லா!” என்ற சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. வண்டி சுத்தமாக நின்றது.

என் கால் நசுங்கியது. அக்கா என் ஷூவின் மேல் பிரேக் போட்டிருந்தார்.

“வலிச்சுருச்சா தம்பி?”

“இல்லக்கா... நல்லாவே பிடிக்குது.”

மாத்தூர் தாண்டும்போது அக்கா மெதுவாகக் கேட்டார்.

“தம்பி, அந்த வண்டிய எங்க நிறுத்தணும், எப்படி நிறுத்தணும்னு அவரவிட எனக்குத்தான தெரியும்?”

“ஆமாக்கா.”

“அப்ப மிச்சம் ஆக்ஸிலேட்டரு, கிளட்சு, கியரு. அவ்வளவுதான? சொல்லிக் குடுக்குறியா?”

அண்ணனிடம் சொன்னதற்கு, “தாராளமா ஓட்டட்டும், நான் அங்கிட்டு தள்ளி நின்னு பாக்குறேன்” என்றுவிட்டார். எல்.எல்.ஆர். போட்டாயிற்று. வருகிற ஞாயிறு சாயங்காலம், அதே சந்தை மைதானம், அதே வண்டி. அக்கா ஓட்டப்போகிறார்.

பின்சீட்டில் உட்காரப் போவது நான். அங்கே இருந்த பிரேக்கை அறுத்துப் போட்டவனும் நான்தான்.