கடைசிப் பக்கத்தில் இருந்தவர்

இதை எழுதப் பல வருடங்கள் தயங்கினேன். தொடக்கப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவள் நான். எழுதுகிறவர்களைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று ஒரு தயக்கம். சொன்னால் பேய்க்கதை என்று சிரிப்பார்களோ, அதனால் ஒரு நல்ல மனுஷிக்குக் கெட்ட பெயர் வருமோ என்று இன்னொரு தயக்கம். சிராங்கூன் சாலையில் அம்மன் முன்னால் நின்று பலமுறை கேட்டுவிட்டேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுதுகிறேன்.

சிறுவர்களுக்குத் தமிழில் புத்தகம் எழுதுகிறவர்கள் நாங்கள் ஒரு கூட்டமாகச் சேர்ந்திருந்தோம். லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகைக்கடைக்கு மேலே உள்ள அறையில் சனிக்கிழமைகளில் கூடுவோம். கீழேயிருந்து மிளகாய்த்தூள் நெடி ஏறி வரும். தும்மிக்கொண்டே கதை படிப்போம். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் எங்களுக்குத் தலைவர் மாதிரி. எல்லோருக்கும் அவர் சார். மருத்துவமனைத் தாதி ஒருத்தி உண்டு. பிறகு நான், புக்கிட் பாத்தோக்கில் வீட்டையும் சாமியறையையும் பார்த்துக்கொண்டு, குக்கர் விசிலுக்கு நடுவில் குட்டிக் கதை எழுதுகிறவள்.

எங்கள் ஆட்கள் செய்தது சின்ன வேலை இல்லை. என் மகள் சிறியவளாக இருந்தபோது, தமிழ்ப் புத்தகத்தைத் திறந்தால் ஏர் உழுவார்கள், கிணற்றில் நீர் இறைப்பார்கள். "கிணறுன்னா என்னம்மா, ஸ்விம்மிங் பூலா?" என்று கேட்டாள். இன்று நூலகத்தில் எங்கள் புத்தகங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் தமிழ்ப் பிள்ளை லிஃப்ட் பொத்தானை அமுக்குகிறது. எம்ஆர்டி ரயிலில் தூங்கிப்போய் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிடுகிறது. பக்கத்து மலாய் வீட்டிலிருந்து வந்த நோன்புக் கஞ்சியைச் சூடாகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்கிறது. பாலர் பள்ளி ஆசிரியைகள் அட்டை கிழிந்த புத்தகங்களைக் கொண்டுவந்து காட்டுவார்கள். பிள்ளைகள் கை பட்டுக் கிழிந்தது. அதைப் பார்த்துவிட்டு நாங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வோம்.

எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒரு கதையை அச்சுக்கு அனுப்பும் முன் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்ட வேண்டும். எழுதியவர் படிக்கக் கூடாது. பின்னால் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்ள வேண்டும். படிப்பவர் கடைசிப் பக்கத்தைத் துணி காயப்போடும் க்ளிப்பால் மூடி வைத்துவிட்டு, "இப்ப என்ன நடக்கும்?" என்று கேட்பார். பிள்ளைகள் ஆளுக்கொன்று சொல்லும். பிறகுதான் க்ளிப்பை எடுப்போம்.

இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் லாத்தா. கடலோரத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள். எங்கள் கூட்டத்தில் வயது வித்தியாசம் இல்லாமல் அவர் எல்லோருக்கும் லாத்தா. தேக்கா மார்க்கெட் மாடியில் தையல் கடை. ரவிக்கை பிரித்துத் தைக்கக் கொடுத்த இடத்தில்தான் எனக்குப் பழக்கமானார். மெஷின் ஓட்டும்போது மிதிக்கிற காலில் மட்டும் செருப்பு போடமாட்டார். "மிதி என்ன சொல்லுதுன்னு உள்ளங்காலுக்குத் தெரியணும் தங்கச்சி" என்பார். ஊசிக்கும் நூலுக்கும் நடுவில் கதை சொல்வார். என்னை எழுத வைத்தவரே அவர்தான்.

அவர் போட்ட சட்டம் ஒன்றும் உண்டு. "எல்லாப் புள்ளையும் ஒரே முடிவைச் சொன்னா, அந்த முடிவைத் தூக்கிப் போட்டுடுங்க. அதுக்கு உசிரு இல்ல."

அவர் கடைசியாக எழுதியது ஒரு பூனைக் கதை. குவீன்ஸ்டவுனில் இடிக்கப்போகிற பழைய அடுக்குமாடி புளோக். எல்லோரும் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு பூனை மட்டும் நாள்தோறும் படியேறி, நாலாம் மாடியில் பூட்டிய ஒரு வீட்டு வாசலில் போய் உட்காரும். ஒரு மத்தியானம் அந்தக் கதவு திறக்கும். அவர் கையெழுத்து இப்படி நிற்கிறது: "கதவு திறந்தது. உள்ளே". முற்றுப்புள்ளிகூட இல்லை.

"உள்ள யாரு லாத்தா?" என்று கேட்டேன்.

"வர்ற சனிக்கிழமை சொல்றேன். அவசரப்படாதே லா" என்றார், இந்த ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் 'லா'வோடு.

அந்தச் சனிக்கிழமைக்கு முன்பே மாரடைப்பில் போய்விட்டார்.

அந்த வருடம்தான் எங்கள் கூட்டத்தின் புத்தகங்களைக் கொண்டாட ஒரு விழா ஏற்பாடாகியிருந்தது. எல்லோருடைய கதையும் புதிய அச்சில் ஒரே பெட்டியாக வரப்போகிறது. முதல் புத்தகம் லாத்தாவுடையதாக இருக்க வேண்டும் என்பது எல்லோருடைய ஆசை. ஆனால் முடிவில்லாத கதையை எப்படி அச்சுக்குக் கொடுப்பது? அவரோடு அதிகம் பழகியவள் நான் என்பதால் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இஷ்டத்துக்கு எதையாவது எழுதிவிட எனக்கு மனசு வரவில்லை. செத்தவர் வாயில் நம் சொல்லை வைப்பது பாவம்.

சார்தான் வழி சொன்னார். "புள்ளைங்ககிட்ட படிச்சுக் காட்டுங்கம்மா. ஆளுக்கொண்ணு சொல்லும். அதுல ஒண்ணு நமக்குக் கை கொடுக்கும்."

புக்கிட் பாத்தோக்கில் எங்கள் புளோக்கின் கீழே பிள்ளைகளை உட்கார வைத்தேன். மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டிருந்தது. படமெல்லாம் இன்னும் வரையவில்லை. கையில் வெறும் தாள்கள்தான். படித்து முடிக்கும் இடத்தில் பழக்கதோஷத்தில் கடைசித் தாளுக்கு க்ளிப் போட்டுவிட்டேன். அதன் பின்னால் ஒன்றும் இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

"கதவு திறந்தது. உள்ளே யாரு?"

வழக்கமாக இந்த இடத்தில் சத்தம் காதைப் பிய்க்கும். அன்று ஒருவரும் கையைத் தூக்கவில்லை. பிறகு ஒரு பையன், தெரிந்த விஷயத்தைச் சொல்கிற குரலில் சொன்னான்: "ஒரு ஆன்ட்டி. தையல் மெஷின்ல உக்காந்திருக்காங்க."

"சரி, அது உன் முடிவு. வேற யாரு சொல்றீங்க?"

"அதான் டீச்சர், ஆன்ட்டிதான்" என்றது இன்னொன்று. மற்றவை எல்லாம் தலையை ஆட்டின.

கந்த சஷ்டி கவசத்தை முணுமுணுத்துக்கொண்டே மின்தூக்கியில் ஏறினேன்.

அடுத்த சனிக்கிழமை இதைச் சொன்னதும் தாதி சிரித்துவிட்டாள். "அக்கா, படிக்கிறப்பவே நீங்க கையைக் காலை ஆட்டி மெஷின் ஓட்டியிருப்பீங்க. உங்க மூஞ்சியே எல்லாத்தையும் சொல்லிடும். பொய்யே வராத மூஞ்சி."

"நானா ஆட்டினேன்?"

"போன மாசம் முயல் கதைக்குத் தாவிக் காட்டுனது யாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அதனால், லாத்தாவைப் பார்த்தே இராத ஒருவர் படிப்பது என்று முடிவானது. கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை செய்யும் தமிழ்நாட்டுத் தம்பி ஒருவர் அப்போதுதான் எங்களோடு சேர்ந்திருந்தார். கப்பலடியில் ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றும் சிப்பியைப் பற்றி அழகான கதை எழுதியவர். லாத்தா காலமான பிறகு வந்தவர். அவருக்கு லாத்தா தைப்பவர் என்பதே தெரியாது. நாங்களும் சொல்லவில்லை.

இடம், குவீன்ஸ்டவுனில் ஒரு புளோக்கின் கீழ்த்தளம். அது லாத்தா முன்பு குடியிருந்த வட்டாரம்; நாங்கள் தேர்ந்தெடுத்ததல்ல, அன்று அங்கேதான் இடம் கிடைத்தது. எழுதியவர் உட்கார வேண்டிய இடத்தில் நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். தம்பி நன்றாகவே படித்தார். பூனை படியேறும் இடத்தில் பிள்ளைகள் சிரித்தன. கதவு திறக்கிற இடம் வந்தது.

சிரிப்பு நின்றது. குழாயை மூடினால் தண்ணீர் நிற்குமே, அப்படி.

"உள்ள யாருடா கண்ணுங்களா?"

"தைக்கிற ஆன்ட்டி" என்று பல குரல்கள் ஒன்றாக.

"எந்த ஆன்ட்டி?" தம்பியின் குரல் மாறிவிட்டது.

ஒரு சிறுமி பொறுமையாக விளக்கினாள். "பூனைக்குச் சட்டை தைக்கிறாங்க. ஒரு கால்ல ஸ்லிப்பர் இருக்கு. இன்னொரு கால்ல இல்ல."

வழக்கத்தை மீறி நான் திரும்பிவிட்டேன். பிள்ளைகள் தம்பியைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால், தூணுக்குச் சற்று இடப்பக்கம், எல்லாக் கண்ணும் ஒரே இடத்தில் நின்றன. உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கிற உயரம். அங்கே ஒன்றும் இல்லை. சத்தம் ஏதும் கேட்டதா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. காற்றுகூட இல்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

தம்பி வெளிறிப்போய் வந்தார். "அக்கா, நான் ஒண்ணுமே சொல்லிக் கொடுக்கலக்கா. முருகன் மேல சத்தியம். யாருக்கா அது?"

சொன்னேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்தவர், நெடுநேரம் எழுந்திருக்கவில்லை.

அறையில் இதைப் பேசியபோது இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. தாதிதான் முதலில் பேசினாள். "இதுக்கு மேல என்ன வேணும்? லாத்தாவே வந்து முடிவைச் சொல்லிட்டாங்க. அப்படியே போட்டுடலாம்."

சார் தலையை அசைத்தார். "எல்லாப் புள்ளையும் ஒரே முடிவைச் சொன்னா போடக் கூடாது. யார் வச்ச சட்டம்? அவங்க வச்ச சட்டத்தை அவங்க கதைக்கே மீறுறதா?"

"அப்ப புத்தகம் வேணாமா சார்?"

"வேணும்மா. எனக்கு மட்டும் வேணாமா?" என்றவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டார்.

என் பயம் வேறு. அந்த முடிவை அச்சடித்தால், ஒவ்வொரு முறை ஒரு பிள்ளை கடைசிப் பக்கத்தைத் திருப்பும்போதும் லாத்தா அந்தப் பூட்டிய வீட்டில் உட்கார்ந்து தைத்துக்கொண்டே இருப்பாரே. நாம் கொண்டாடுவதாக நினைத்து அவரைக் கட்டிப்போடுகிறோமோ? அம்மனிடம் போனேன், எலுமிச்சை விளக்கு ஏற்றினேன். சந்நிதியில் நின்றபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இது நான் முடிவு செய்கிற காரியம் இல்லை. அவர் பெற்ற பிள்ளையைக் கேட்க வேண்டும்.

லாத்தாவின் மகனை ஒரு சாப்பாட்டுக் கடையில் பார்த்தேன். அலுவலக உடுப்போடு வந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். தேநீர்க் கோப்பையை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"எங்க உம்மா அங்க இல்ல ஆன்ட்டி. அல்லாகிட்ட போயிட்டாங்க. நாங்க அப்படித்தான் நம்புறோம்."

"தெரியும் தம்பி. உங்க மனசு புண்படணும்னு நான்…"

"புண்படல. புள்ளைங்க பொய் சொல்லாதுன்னு உம்மாவே சொல்லும். எனக்கு ஒண்ணும் விளங்கல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் பொறந்ததுலேர்ந்து உம்மாவை அந்த மெஷின்லதான் பாத்திருக்கேன். காய்ச்சல்னாலும் அங்கதான், பெருநாள் வந்தாலும் அங்கதான். நீங்களும் புத்தகத்துல அங்கயே உக்கார வச்சிடாதீங்க. கதவு திறந்துச்சுல்ல? திறந்தே இருக்கட்டும். உள்ள யாரையும் வைக்காதீங்க."

அவர் சொன்னபடியே செய்தோம். "கதவு திறந்தது" என்பதோடு எழுத்து முடிகிறது. கடைசிப் பக்கத்தில் படம் மட்டும்: திறந்த கதவு, தரையில் நீளமாக விழுந்த மத்தியான வெயில், காலியான அறை. பூனையின் வால் மட்டும் நிலைப்படியில். அச்சுக்குப் போகும் முன் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்ட எங்களில் ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. முதல்முறையாக வழக்கத்தை விட்டுவிட்டோம்.

ஆனால் விழாவில் படித்தே ஆக வேண்டும். மண்டபம் நிறையப் பிள்ளைகள், பெற்றோர்கள், ஆசிரியைகள். எங்கள் ஒவ்வொருவரையும் மேடைக்கு அழைத்து, எங்கள் கதையைப் படித்த பிள்ளை ஒன்றின் கையால் மாலை போட்டார்கள். கப்பல் பட்டறைத் தம்பி அழுதுவிட்டார். லாத்தாவுக்கான மாலையை மகன் வாங்கிக்கொண்டார். பிறகு சார் அந்தப் புத்தகத்தை எடுத்தார். கடைசிப் பக்கத்துக்கு க்ளிப் போட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு தாலியைப் பிடித்துக்கொண்டேன்.

"கதவு திறந்தது. உள்ளே யாரு?"

ஒரு நொடி அதே அமைதி.

"டைனோசர்!"

"எங்க சித்தப்பா!"

"இல்ல லா, இன்னொரு பூனை! கேர்ள்ஃப்ரெண்ட்!"

"போலீஸ்!"

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. ஆளுக்கொன்று சொல்லிக் கத்தினார்கள். தைக்கிற ஆன்ட்டி என்று ஒரு பிள்ளையும் சொல்லவில்லை. சார் க்ளிப்பை எடுத்துப் படத்தைக் காட்டியபோது அவர் முகத்தில் கண்ணீர். மகன் இரண்டு கையையும் ஏந்தி, ஏதோ ஓதிக்கொண்டிருந்தார்.

அன்று ஸ்லிப்பரைப் பற்றிச் சொன்ன குவீன்ஸ்டவுன் சிறுமியும் வந்திருந்தாள். கறிப்பஃப் தின்றுகொண்டிருந்தவளிடம் குனிந்து மெதுவாகக் கேட்டேன். "பாப்பா, அன்னைக்கு ஒரு ஆன்ட்டின்னு சொன்னியே?"

அவள் சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். "இப்ப இல்லையே" என்றுவிட்டுக் கறிப்பஃபைக் கடித்தாள்.

சந்தோஷப்பட வேண்டியவள் நான். சந்தோஷப்பட்டேன். ஆனால் வீட்டுக்குப் போகும் ரயிலில், லாத்தா காலமான அன்று வராத அழுகை எல்லாம் அன்றுதான் வந்தது.

இதுதான் நடந்தது. இதைப் படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இதற்குள்ளேயே இந்தக் கதை கோயில் வரிசையில் காலும் கையும் முளைத்து நடக்கிறது. மெஷின் தானாக ஓடியதாம், மல்லிகை மணத்ததாம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நீங்கள் யாருக்காவது சொல்வதானால் கூட்டாமல், குறைக்காமல், இதே வரிசையில் சொல்லுங்கள். பயமுறுத்துவதற்காக அவரை மறுபடியும் அந்த அறைக்குள் கொண்டுபோய் உட்கார வைக்காதீர்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.