பிழியக் கொடுத்த துணி

இது நடந்தது. குமாரபாளையத்தில், போன ஆடியில், பட்டப்பகலில். நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கொன்றும் நஷ்டமில்லை.

மதுமதி மேடைப் படுதா வரைகிறவள். பிரான்ஸ் நாட்டுப் பழங்கதை ஒன்றை எடுத்து, நாடக மேடை போலவே ஒன்றன்பின் ஒன்றாகப் படுதாக்கள் தொங்கவிட்டு, ஓர் ஆற்றைத் தீட்டியிருந்தாள். ஆற்றில் பெண்கள் செத்தவர்களின் துணியை அலசுகிறார்கள். வழியில் வருகிறவரிடம் ஒரு முனையைக் கொடுத்துப் பிழியச் சொல்வார்களாம். அவர்கள் முறுக்குகிற பக்கமே முறுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் முறுக்கினால் கை போச்சு.

ஒரு வருட உழைப்பு. கண்காட்சி வாசலில் வந்து பார்த்தால், ‘ஓவியர்: ஆனந்தகுமார்’ என்று பலகை! மண்டபம் பிடித்துக் கொடுத்ததோடு சரி, அந்த ஆள் ஒரு கோடு இழுத்ததில்லை. கதையைக்கூடக் காது கொடுத்துக் கேட்டதில்லை. படுதாக்களை அவிழ்த்துக்கொண்டு போய்விடுவது என்று மறுநாள் மதியம் மதுமதி தனியாக உள்ளே போனாள்.

மண்டபம் காலி.

சொட்… சொட்…

கடைசிப் படுதாவின் அடியில் தரை ஈரமாக இருந்தது. அந்தப் பக்கம் குழாயே கிடையாது.

பின்னால் செருப்புச் சத்தம். ஆனந்தகுமார். யாரைக் கேட்டு உள்ளே வந்தாய் என்று கத்தினான்.

“என்ற பேரைப் போடுங்க. இல்லீனா அவுத்துட்டுப் போயிருவேன்.”

“இது என்ற படம். ஆனதப் பாத்துக்க அம்மிணி.”

அப்போது படுதா இடுக்கிலிருந்து ஓர் ஈரத்துணி நீண்டது. கை மட்டும் தெரிந்தது.

“உன்ற படம்னா இந்த முனையப் புடி சாமி.”

மண்டபம் கூட்டுகிறவள் என்று நினைத்தான் போல. எரிச்சலோடு பிடித்தான். சாயப்பட்டறை வீட்டுப் பிள்ளை அவன். எதிரே ஒருவர் ஈர நூலைப் பிடித்தால், எதிர்ப்பக்கம் முறுக்கித்தான் அந்தக் கைகளுக்குப் பழக்கம்.

மதுமதிக்குத் தெரியும். ஒரு வார்த்தை போதும்.

சொல்லவில்லை. நல்லா வேணும் என்று வாசலோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அவன் முறுக்கினான்.

மளுக்…

இரண்டு மணிக்கட்டும் போயின. எந்த மெஷினில் கையை விட்டான் என்று டாக்டர் கேட்டாராம்.

பலகையில் இப்போது மதுமதி பேர்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்பே மண்டபத்து மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, கேமராவில் பதிவானதைக் காட்டிவிட்டார்.

துணியின் ஒரு முனையில் ஆனந்தகுமார். மறுமுனையை முறுக்கிக்கொண்டு நின்றவள் மதுமதி.

வாசலோரம்… யாருமே இல்லை.