தாளம் தப்பிய இடத்தில்

போன மாசி மாதம், ஒரு ஞாயிறு பின்னேரம். ரொறன்ரோ நகரத்தின் நடுவில் ஒரு சிறிய அரங்கு. நான் ஸ்காபரோவில் அரங்கேற்றங்களுக்கு மிருதங்கம் வாசிப்பவன். அன்று வாசிக்க அழைத்தவர் சிம்பாப்வேயில் பிறந்த ஒரு பெண் கலைஞர். மரப்பலகையில் இரும்பு நாக்குகள் பொருத்திய எம்பிரா அவருடைய வாத்தியம். முன்னோர்களை அழைக்க அவரது ஊரில் வாசிக்கும் அந்த இசையை ஜாஸ் குழுவோடு கலந்து வாசிப்பார். அவருடைய ட்ரம்ஸ்காரருக்குக் காய்ச்சல். யாரோ என்னைக் கைகாட்டிவிட, நானும் பெரிய ஆள் மாதிரி ஓம் என்றுவிட்டேன்.

ஒத்திகையிலேயே குழம்பிப்போனேன். சுற்றிச் சுற்றி வருகிற அந்த இசைக்கு ஆரம்பம் எது என்றே பிடிபடவில்லை. தொடையில் தாளம் போட்டுப் பார்த்தேன். ஒருமுறை சரியாக வந்தது, அடுத்தமுறை நழுவியது. முதல் அடி எங்கே என்று அவரிடமே கேட்டேன். உங்களுக்கு எங்கே கேட்கிறதோ அங்கே என்று சிரித்தார். முதல் அடியான சமம் தெரியாமல் மிருதங்கக்காரன் என்னத்தை வாசிப்பது? எரிச்சல்தான் வந்தது.

வெளியே போய்க் காருக்குள் இருந்தேன். இருப்புக்கொள்ளவில்லை. திரும்பி வந்து, சேர்ந்திருந்த சுருதியையே மறுபடி தட்டித் தட்டிச் சேர்த்தேன். என் மனைவி பாட்டு ரீச்சர். முன் வரிசையில் இருக்க வந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"ஏனப்பா இப்பிடி அந்தரப்படுறியள்?"

"சமம் பிடிபடேல்லை. இண்டைக்குச் சபையில மானம் போகப்போகுது."

நிகழ்ச்சி தொடங்கி, மூன்றாவது பாட்டில் எனக்குத் தனியாக வாசிக்க இடம் விட்டார்கள். ஒரே சொற்கட்டை மூன்றுமுறை வாசித்துச் சமத்தில் கொண்டுவந்து முடிக்கும் நீளமான தீர்மானம் ஒன்றை ஆசையோடு வைத்தேன். சமத்தில் விழவேண்டிய கடைசி அடி எங்கேயோ விழுந்தது. கை நின்றுவிட்டது. கீழே தாளம் போட்டுக்கொண்டிருந்த மனைவியின் கையும் நின்றது. எங்கள் மேடை என்றால் பாடகர் திரும்பி ஒரு பார்வை பார்த்திருப்பார். எழும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது.

எம்பிரா வாசித்தவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். என் கை தவறி விழுந்த அடியையே முதல் அடியாக எடுத்து எம்பிராவைத் தொடங்கினார். பாஸ் கிற்றார் வாசித்தவர் அந்த அடிக்கே வந்தார். சாக்ஸபோன்காரரும் வந்தார். சபை கைதட்டியது, நான் பிழைவிட்டதே அவர்களுக்குத் தெரியாது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு எண்ணவே இல்லை, வாசித்தேன்.

வீட்டுக்கு வரும்போது மனைவி சொன்னாள்: "பிழைச்சது எனக்குத் தெரியும். ஆனா அவையெல்லாரும் உங்களிட்டை வந்திட்டினம், பாத்தியளே?"

இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து வேலையிலும் பேச்சிலும், பெயரைச் சுருக்கிச் சொல்வதிலும்கூட, நான்தான் மற்றவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறேன். நான் தடுமாறி நின்ற இடத்துக்கு மூன்று பேர் வந்து சேர்ந்த அந்தப் பின்னேரத்தை இன்றைக்கும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.