முந்நூறு வோல்ட் வீடு

கடைகளில் இருக்கும் தராசு பொய் சொல்கிறதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. முத்திரை குத்திய எடைக்கற்கள் ஒரு பெட்டி நிறைய வைத்திருக்கிறேன். தட்டில் ஒரு கல்லை வைத்தால் போதும், கடைக்காரருக்கு முகம் வெளிறிவிடும். "எதை வெச்சு அளக்கிறோமோ அதை முதல்ல அளக்கணும்" என்று பதினெட்டு வருஷமாக ஊருக்கெல்லாம் உபதேசம் செய்துவருகிறேன். இப்பேர்ப்பட்ட மேதாவி சொந்த வீட்டில் என்ன செய்தான் என்று கேளுங்கள்.

என் மனைவி எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு இசைக்குழுவில் இருந்தாள். மகள் பிறந்ததும் அது நின்றுபோனது. மகளுக்கு இரண்டு வயதானபோது குழுவை நடத்தும் பாடகியக்கா ஃபோன் செய்தார். "மூணு மாசம் டைம் தரேன். கையைப் பழையபடி கொண்டுவந்து வாசிச்சுக் காட்டு. இல்லேன்னா உன் இடத்துக்கு வேற ஆள் பார்க்கணும்."

அவளுக்குக் கை ஓய்வது மகள் தூங்கும் மதிய நேரம் மட்டும்தான். அவளிடம் இருந்த கண்ணாடிக் குழாய் வால்வுகள் போட்ட பழைய ஆம்ப்ளிஃபயரோ, மெல்ல வைத்தால் முனகும். நன்றாக வைத்தால்தான் அவளுக்குப் பிடித்த உறுமல் வரும், ஆனால் தெருவையே எழுப்பும். சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா?

"நானே புதுசா செஞ்சு தரேன்" என்றேன். "வால்வுக்குப் போற வோல்டேஜைக் குறைக்க ஒரு குமிழ் வைப்பேன். சத்தம் குறையும், அந்த உறுமல் அப்படியே இருக்கும். பாப்பா அவ பாட்டுக்குத் தூங்குவா."

"உங்களுக்கு வருமா?"

"ஒரே வாரம்!"

அவளுடைய ஆம்ப்ளிஃபயரைப் பிரித்து டிரான்ஸ்ஃபார்மரையும் வால்வுகளையும் கழற்றிக்கொண்டேன். கேட்டுவிட்டா கழற்றினேன்? கழற்றிவிட்டுச் சொன்னேன்.

ஒன்பதாம் நாள் வேலை முடிந்தது. குமிழை முழுக்கத் திருப்பினால் வால்வுக்கு முந்நூறு வோல்ட் போக வேண்டும். என் கை மீட்டரை வைத்து அளந்தேன், முந்நூற்று நாற்பது காட்டியது. வால்வு போய்விடுமே என்று பதறி அணைத்தேன். டிரான்சிஸ்டரை மாற்றினேன், முந்நூற்று ஐம்பத்தைந்து. ரெசிஸ்டர்களை மாற்றினேன், முந்நூற்று எழுபது. குமிழையே மாற்றினேன், முந்நூற்று எண்பத்தைந்து. நான் சரிசெய்யச் செய்ய அது மோசமாகிக்கொண்டே போனது. எனக்கு மண்டை காய்ந்தது.

"ஒரே ஒரு தடவை கிட்டாரை மாட்டிப் பார்க்கட்டுமா?" என்று அவள் எத்தனையோ முறை கேட்டாள்.

"தொடாதே! வால்வு போச்சுன்னா எல்லாம் போச்சு!"

ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் அந்தக் கிட்டாரை மீட்டினால் கொசு பறக்கும் சத்தம்தான் வரும். முதல் மாதம் அவள் அந்தக் கொசுச் சத்தத்திலேயே பழகிப் பார்த்தாள். அப்புறம் கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டாள். நான் அதைப் பார்த்தும் மீட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் மாதம் ஒருநாள் சுவரில் இருந்த பிளக்கையே அளந்தேன். இருநூற்று முப்பது இருக்க வேண்டிய இடத்தில் முந்நூறு! குதித்தேன். "பார்த்தியா? தப்பு என்மேல இல்ல. லைனே சரியில்ல!"

லைன்மேனைக் கூப்பிட்டேன். வந்து அளந்து, இருநூற்று முப்பது, சரியாக இருக்கிறது என்றார். இரண்டாம் முறையும் அதையே சொன்னார். "அண்ணே, முதல்ல உங்க மீட்டரைச் சரிபாருங்க" என்றேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

மூன்றாம் முறை மனிதர் இரண்டு மீட்டர்களோடு வந்தார். இரண்டும் இருநூற்று முப்பது. என்னுடையது மட்டும் முந்நூற்றுப் பத்து. அவர் என் மீட்டரைக் கையில் வாங்கிப் பார்த்தார். எப்போதோ கீழே போட்டுக் கண்ணாடி விரிசல் விட்டதால், அதன் ஓரத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தேன். நகத்தால் அதை உரித்தார். உள்ளே, பேட்டரி தீர்கிறது என்று காட்டும் சின்னப் படம் மினுங்கிக்கொண்டிருந்தது.

"பேட்டரி இறங்கிட்டே இருந்திருக்கு சார். அப்படி இருந்தா அளவைக் கூட்டிக் காட்டும்."

தன் பையிலிருந்து புது பேட்டரி எடுத்துப் போட்டார். இருநூற்று முப்பது. என் முகத்தில் ஈயாடவில்லை.

"எதை வெச்சு அளக்கிறோமோ..." என்று ஆரம்பித்த என் மனைவி முடிக்கவில்லை. முதலில் சிரித்தாள். லைன்மேனும் சிரித்தார். அசடு வழிய நானும் சிரித்தேன். அப்புறம் பார்த்தால் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், அது சிரிப்பால் வந்த கண்ணீர் இல்லை.

ஆம்ப்ளிஃபயரை அளந்தேன். முந்நூற்றுக்கு இரண்டு குறைவு. கழற்றிப் போட்ட பழைய பாகங்களையும் சோதித்தேன், எல்லாமே நல்லவை. முதல் நாளிலிருந்தே அது சரியாகத்தான் இருந்திருக்கிறது. மூன்று மாதம் பழுதே இல்லாத ஒன்றைப் பழுதுபார்த்திருக்கிறேன்.

அவள் கிட்டாரை மாட்டிக் குமிழைக் குறைத்து வாசித்தாள். அடடா, அந்த உறுமல்! பக்கத்து அறையில் மகள் புரண்டுகூடப் படுக்கவில்லை. ஒரு வேகமான இடத்தில் விரல் தடுமாறியது. மறுபடி வாசித்தாள், மறுபடியும் அங்கேயே தடுமாறியது.

"ஆம்ப் நல்லா இருக்குங்க. கைதான் போயிடுச்சு."

பாடகியக்காவிடம் வாசித்துக் காட்ட வேண்டிய சனிக்கிழமைக்கு நான்கு நாள்தான் இருந்தது.

சனிக்கிழமை பாடகியக்கா வீட்டு மாடியில் அவள் வாசித்துக் காட்டியபோது நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே நின்றேன். ஒரு மணி நேரம் கழித்து ஆம்ப்ளிஃபயரைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"சேர்த்துக்கிட்டாங்களா?"

"சேர்த்துக்கிட்டாங்க. பின்னணி வாசிக்க. நான் தனியா வாசிக்கிற இடமெல்லாம் புதுசா வந்த பொண்ணுக்குப் போயிடுச்சு. அவ நல்லா வாசிக்கிறா."

"என்னாலதான்" என்றேன்.

"ஆமா, உங்களாலதான்." இல்லை என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. "இனிமே தினம் மதியம் ரெண்டு மணி நேரம் எனக்கு வேணும். பாப்பா முழிச்சா நீங்க பார்த்துக்கணும். அந்த இடத்தை நான் திரும்ப வாங்கணும்."

"கடையெல்லாம் காலையிலேயே முடிச்சுட்டு வந்துடறேன்."

"மீட்டரைத் தொடாம?"

"தொடாம."

மகளை அவளிடம் கொடுத்துவிட்டு ஆம்ப்ளிஃபயரை வாங்கிக்கொண்டேன். நல்ல கனம். எத்தனை கிலோ என்று இன்றுவரை நான் எடைபோட்டுப் பார்க்கவில்லை.